உண்டியல் டிஸ்க்கில் வந்த கிராக்: மூன்று கடைகளின் கதை

பின்னணி

தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ, ஒரு டிடிபி கடை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம், ஒரு பிரவுசிங் சென்டர், கடைக்கோடியில் என்னுடைய கணினிப் பழுதுபார்க்கும் கடை. இதில் வருகிறவர்களை ஸ்டுடியோ அண்ணன், டிடிபி அக்கா, அச்சகக்காரர், சென்டர் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதுவதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

எங்களுக்குள் மென்பொருள் பகிர்வது ஏதோ திருட்டுத்தனமாக ஆரம்பித்த விஷயமில்லை. தமிழ் டிடிபி வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001இல். எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை வேலை பெரும்பாலும் இன்னும் அதில்தான் ஓடுகிறது. அதற்கென்று இருக்கும் பழைய தமிழ் ஃபான்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறிமுறை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். அக்கா அடித்த பத்திரிகையை அச்சகத்தில் திறக்கும்போது அந்த ஃபான்ட் அங்கே இல்லையென்றால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் சிதறிக் கிடக்கும். எனவே கோப்போடு ஃபான்ட்டும் கூடவே போக வேண்டும். ஃபான்ட் போன வழியில் பிரிண்டர் டிரைவர் போனது, அப்புறம் கிளிப் ஆர்ட், ஆல்பம் டிசைன், கடைசியில் கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருள்கள்.

இதற்காகவே நான்கு பேர் காசு போட்டு 1 டெராபைட் யுஎஸ்பி டிஸ்க் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். எல்லோரும் போடலாம், எல்லோரும் எடுக்கலாம் என்பதால் அதற்கு உண்டியல் என்று பெயர். கூடவே ஒரு வாட்ஸ்அப் குழு. யாருடைய கணினி மக்கர் செய்தாலும் அதில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பத்து யோசனை வரும். பாதி யோசனை வேலை செய்யும். அதனால் மற்ற பாதியைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, நானும்தான்.

கெட்ட பழக்கம் ஒன்றும் எங்களிடம் ஊறிப்போயிருந்தது. கிராக் கோப்புகளை ஆன்டிவைரஸ் எப்போதுமே பிடிக்கும். "அது அப்படித்தான் கத்தும், அணைச்சிட்டுப் போடுங்க" என்பது எங்கள் குழுவில் வேதவாக்கு. இத்தனை வருடமும் அப்படிப் போட்டு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முதல் நாள்

2020 தை மாதம். முகூர்த்த நாட்கள் நெருக்கி வரும் சமயம், நால்வருக்கும் மூச்சுவிட நேரமில்லை. படத்தின் பின்னணியை ஒரே சொடுக்கில் வெட்டித் தரும் மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வேண்டுமென்று அண்ணன் கேட்டிருந்தார். சென்டர் தம்பி தேடி, எங்கிருந்தோ ஒரு ஜிப் கோப்பை இறக்கி உண்டியலில் போட்டான். திறக்கக் கடவுச்சொல் 1234. உள்ளே ஒரு குறிப்பு: முதலில் விண்டோஸ் டிஃபெண்டரை (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) அணைக்கவும், பிறகு செட்டப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கவும்.

ஜிப்புக்கு எதற்குக் கடவுச்சொல் என்று யாரும் கேட்கவில்லை. பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது, அதற்காகத்தான். தம்பியுடைய சென்டரில் இருந்தவை 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிகள். அதில் இந்த மென்பொருள் ஓடாது என்று அவன் நிறுவிப் பார்க்கவே இல்லை. சோதிக்காமல் கொடுத்தது தவறு என்று பிறகு எல்லோரும் அவனைத் திட்டினார்கள். சோதித்திருந்தால் அவனுடைய கணினியும் போயிருக்கும், அவ்வளவுதான்.

மதியம் டிஸ்க் அக்கா கடைக்குப் போனது. அங்கிருந்து அச்சகம். இருவரும் ஜிப்பை நகல் எடுத்துக்கொண்டார்கள், உடனே நிறுவ நேரமில்லை. மாலையில் டிஸ்க் ஸ்டுடியோவுக்கு வந்து அங்கேயே செருகிய நிலையில் நின்றது.

அண்ணன் குறிப்பில் சொன்னபடியே செய்தார். மென்பொருள் திறக்கவில்லை. பதிலாக, விண்டோஸ் அப்டேட் ஓடுவதாக ஒரு சின்ன சட்டம் வந்தது. அப்டேட் முடியட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் படக்கோப்பு ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. செருகியிருந்த உண்டியலிலும் அதே கதை.

இரவு ஒன்பதரைக்குக் குழுவில் "போட்டோ எதுவும் ஓப்பன் ஆகல, யாராவது பாருங்கப்பா" என்று எழுதினார். வந்த யோசனைகள்: பின்னால் ஒட்டிய எழுத்தை அழித்துப் பெயர் மாற்றுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், வேறு வியூவரில் திறங்கள், பேக்கப் டிஸ்க்கைச் செருகி அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி யோசனைதான் கேட்க மிக நியாயமாக இருந்தது. அதிகச் சேதம் செய்ததும் அதுதான். நோய் இன்னும் கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கப்பைச் செருகினார். சில நிமிடங்களில் அதுவும் பூட்டிக்கொண்டது.

இரண்டாம் நாள்

முந்தைய இரவே, வேலை முடிந்த பிறகு, அக்காவும் அச்சகக்காரரும் தத்தம் கடையில் செட்டப்பை இயக்கியிருந்தார்கள். காலையில் அச்சகக்காரர் குழுவில் எழுதினார்: "எனக்கும் அதே கதைதான். என்ன பண்ணணும் இப்ப?"

நான் அப்போது உறவினர் கல்யாணத்தில் பந்தியில் இருந்தேன். இடது கையால் தட்டச்சு செய்து அனுப்பினேன்: "வைரஸ்தான்ணே. மொத்தமா ஃபார்மேட் அடிச்சிடுங்க."

திரையில் என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை. கோப்புகளுக்கு நகல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எங்கள் தெருவில் பழுதுபார்ப்பவன் நான்தான் என்பதால் நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மதியத்துக்குள் அவர் தன் மைத்துனரை வைத்து டிஸ்க்கில் இருந்த மூன்று பகுதிகளையும் அழித்து, விண்டோஸை புதிதாகப் போட்டு, பேஜ்மேக்கரையும் ஏற்றிவிட்டார். மாலையில் "கம்ப்யூட்டர் ஸ்பீடாயிடுச்சு, நன்றி தம்பி" என்று ஒரு செய்தி வேறு.

அக்காவுக்கு ஃபார்மேட் போடத் தெரியாது. நான் ஊர் திரும்பும் வரை கணினியை அணைத்து வைத்துக் காத்திருந்தார். அவருடைய கோப்புகள் பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

கவனித்தவை

மூன்றாம் நாள் காலை ஸ்டுடியோவுக்குப் போனேன். முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன், பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு இருந்தது. கோப்புகளைத் திறக்கும் சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, அதாவது 490 டாலர். நம்பிக்கைக்காக ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். அடியில் நீளமான ஓர் அடையாளக் குறி.

இந்த வாசகத்தையும் நான்கெழுத்து ஒட்டையும் வைத்து, ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) வகையை அடையாளம் காட்டும் ஓர் இலவசச் சேவையில் பார்த்ததில், ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் குடும்பம் என்று தெரிந்தது. பெரிய நிறுவனங்களைக் குறிவைப்பது இதன் வழக்கம் இல்லை. கிராக், கீஜென் (போலி உரிம எண் தயாரிக்கும் நிரல்) தேடுகிற சாதாரண ஆட்களிடம்தான் இது போகிறது. ஏறக்குறைய எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி.

வகை தெரிந்த பிறகு மற்றதெல்லாம் புரிந்தது. அண்ணன் பார்த்த அப்டேட் சட்டம் போலி. பூட்டுகிற நேரத்தில் ஆளைச் சும்மா உட்கார வைப்பதற்கான திரைச்சீலை. முதல் நாள் இரவு ஆன்டிவைரஸ் தளம் எதுவும் திறக்கவில்லை, நெட் மக்கர் என்று அவர் நினைத்ததற்குக் காரணம், எந்தத் தளம் எந்த முகவரியில் என்று விண்டோஸ் முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தத் தளங்களின் பெயரெல்லாம் எழுதித் தடுக்கப்பட்டிருந்தது. கோப்புகளுக்கு விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பதிப்புகளும் அழிக்கப்பட்டிருந்தன. நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடும் வேலை ஒன்று இருந்தது. பேக்கப் டிஸ்க் போனது இதனால்தான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, இந்த நிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவுக்குத்தான் பூட்டுகிறது. வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக. சின்ன கோப்பு முழுதாகப் போகும். பெரிய கோப்பில் தலை மட்டும் போகும், உடம்பு அப்படியே இருக்கும்.

மற்றொன்று சாவி. ஓடும்போது தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால் அந்தக் கணினிக்கென்று தனிச் சாவி வாங்கிக்கொள்ளும். இது ஆன்லைன் சாவி. தொடர்பு கிடைக்காவிட்டால் தனக்குள் வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும், இது ஆஃப்லைன். அந்தப் பதிப்பில் ஆஃப்லைனில் மாட்டிய எல்லோருக்கும் ஒரே சாவி. அடையாளக் குறி டி1 (t1) என்று முடிந்தால் ஆஃப்லைன்.

அண்ணனுடைய குறி டி1 என்று முடியவில்லை. அக்காவுடையது முடிந்தது. அன்று அவருடைய நெட் டாங்கிள் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. அக்கா வைத்திருந்தது விண்டோஸ் 7, அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றுதான் முடிந்தது. குழுவில் சிலர் இதையே காரணமாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அண்ணனுடையது விண்டோஸ் 10.

அச்சகத்துக்கும் போனேன். புது விண்டோஸ் பளபளவென்று இருந்தது. குறி என்னவென்று பார்க்க ஒரு ரீட்மீ கோப்புகூட மிச்சமில்லை. அதே குறி பூட்டிய கோப்புகளின் கடைசியிலும் எழுதப்பட்டிருக்கும். அவையும் இல்லை. அவருடையது ஆன்லைனா ஆஃப்லைனா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பணம் கட்டுவதா என்ற கேள்வி ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் ஓடியது. 490 டாலர் அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 35,000 ரூபாய். மூன்று கல்யாண ஆல்பம் நிலுவையில் இருந்தது. "கட்டித் தொலைச்சிடலாமா?" என்றார். கட்டக் கூடாது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கட்டினால் சாவி வரலாம், வராமலும் போகலாம், வந்தால் அடுத்த கிராக்குக்கு நாம் போட்ட முதலீடு அது என்று மட்டும் சொன்னேன். பேச்சை முடித்து வைத்தது அவருடைய மனைவி. "அந்த மெமரி கார்டையெல்லாம் முதல்ல பாருங்களேன்" என்றார். அதுவரை எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

ஆல்பம் கொடுக்கும் வரை கார்டை அழிப்பதில்லை என்பது அண்ணனுடைய பழைய வழக்கம். மூன்றில் இரண்டு கல்யாணம் கார்டுகளில் அப்படியே இருந்தது. மூன்றாவதன் கார்டை ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச நிரலை அதில் ஓட்டினோம். புதுப் படங்கள் மேலே எழுதாத பகுதியிலிருந்து மாலை மாற்றுவது வரைக்கும் வந்தது, தாலி கட்டுவது வரவில்லை. அந்தக் கல்யாணத்தின் வீடியோ கணினியில் பூட்டிக் கிடந்தது. அது பெரிய கோப்பு, தலை மட்டும்தான் போயிருந்தது. அதே கேமராவில் புதிதாக எடுத்த ஒரு நல்ல வீடியோவை மாதிரியாக வைத்துத் தலையைச் சரிசெய்யும் நிரல்கள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தி வீடியோவைத் திறந்து, தாலி கட்டும் காட்சியிலிருந்து அசையாப் படமாக எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். தரம் சுமார்தான். பெண் வீட்டாரிடம் அண்ணன் நேரில் போய் நடந்ததைச் சொன்னார், பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்தார்.

அக்காவுக்கு எடுத்த முடிவு: எதையும் அழிக்காமல் காத்திருப்பது. இந்தக் குடும்பத்தின் பழைய 148 பதிப்புகளுக்கு எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசத் திறப்பு நிரல் வெளியிட்டிருந்தது. எங்களுடையது அதற்குப் பிந்தைய பதிப்பு. புதிய பதிப்புகளில் ஆஃப்லைன் சாவி கிடைக்கும்போது மட்டும் அதே நிரலில் சேர்ப்பார்கள். பணம் கட்டிச் சாவி வாங்கிய யாராவது அதை அவர்களுக்குக் கொடுத்தால் உண்டு. அக்கா கணினியில் நிரலை ஓட்டியபோது, இது ஆஃப்லைன் குறி போலத் தெரிகிறது, வருங்காலத்தில் திறக்க வாய்ப்பு உண்டு என்று பதில் வந்தது. அண்ணன் கணினியில், ஆன்லைன் குறி, திறக்க இயலாது என்று வந்தது. அக்காவின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கவரில் போட்டு, மேலே "தொடாதே" என்று எழுதி அவரிடமே கொடுத்தேன். கணினிக்குப் புது டிஸ்க் போட்டோம்.

கடவுச்சொற்களையும் மாற்றச் சொன்னேன். இந்த நிரலோடு உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலும் வருவதுண்டு. மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றையும், நோய் பட்ட கணினியிலிருந்து அல்லாமல், போனிலிருந்து மாற்றினார்கள்.

போலீஸ் புகார் கொடுக்கவில்லை. தெரிந்தே திருட்டு நகல் மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, கூடவே 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. கிராக் போட்டதால் வந்தது என்று எழுதிக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. இந்த நிரலைச் செய்கிறவர்களுக்கு நம்முடைய இந்தக் கூச்சமும் ஒரு பாதுகாப்பு.

பிறகு நடந்தது

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணமே இல்லாதபோது பத்திரிகை ஏது, ஆல்பம் ஏது. எனக்கு மாதம் ஒருமுறை ஒரு வேலை இருந்தது. அக்காவிடமிருந்து வாங்கி வைத்திருந்த பூட்டிய கோப்பு ஒன்றைத் திறப்பு நிரலில் கொடுத்துப் பார்ப்பது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே எல்லாம் சாவி இல்லை என்றது. ஆடி பிறப்பதற்குச் சற்று முன் ஒரு நாள் திறந்துகொண்டது. முழு டிஸ்க்கையும் கொடுத்தோம். கிட்டத்தட்ட எல்லாமே வந்தது, பழைய ஃபான்ட்டுகள் உட்பட. அக்கா அழுதார். அவர் அழுததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அச்சகக்காரரின் நினைவுதான் வந்தது.

அன்று மாலையே அவரிடம் போய்ச் சொன்னேன். உங்களுடையதும் இதுவாக இருந்திருக்கலாம், நான்தான் அழிக்கச் சொன்னேன் என்று. அவருக்குப் போனது ஒன்பது வருடப் பத்திரிகை மாதிரிகள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ சாப்பிட்டுக்கிட்டே சொன்னது எனக்குத் தெரியுமாப்பா?" என்றார். கோபமாகவும் எடுத்துக்கொள்ளலாம், சமாதானமாகவும் எடுத்துக்கொள்ளலாம். இன்றும் எங்களுக்குள் பேச்சு இருக்கிறது.

சென்டர் தம்பி அந்த வாரமே குழுவிலிருந்து வெளியேறியிருந்தான். அவனைத் திரும்ப அழைத்து வந்தது அண்ணன். அதிகம் இழந்தவர்களில் ஒருவர் அவர்தான் என்பதால் மற்றவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

மாற்றியவை

புது உண்டியல் வாங்கினோம். பகிர்வதை நிறுத்தலாம் என்று ஒரு பேச்சு வந்தது, ஆனால் ஃபான்ட்டைப் பகிராமல் இந்தத் தெருவில் யாரும் பத்திரிகை அடிக்க முடியாது. எனவே போடுகிற விதத்தை மாற்றினோம். எந்த நிரலைப் போட்டாலும், அதைச் செய்தவர்களுடைய தளத்திலிருந்து இறக்கியதாக இருக்க வேண்டும். யார், எப்போது, எங்கிருந்து இறக்கினார் என்று பக்கத்தில் ஒரு சிறு உரைக்கோப்பு. செய்தவர்கள் கைரேகை எண் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) வெளியிட்டிருந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. கடவுச்சொல் போட்ட ஜிப்புக்கு இடமில்லை. எல்லாக் கணினிகளிலும் கோப்பின் வால்பெயர் (.jpg, .exe போன்ற கடைசிப் பகுதி) தெரியும்படி அமைப்பை மாற்றினேன். விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்தே வைத்திருக்கும். படம் என்று நினைத்துச் சொடுக்குவது நிரலாக இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

கிராக்குக்கு மாற்று தேடியதில் பாதி வெற்றிதான். படவேலைக்கு கிம்ப்பும் பேனர் வேலைக்கு இங்க்ஸ்கேப்பும் பழகிவிட்டது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், அதுவும் அப்போதைய 1.5 வரிசை. முந்தைய 1.4இல் தமிழ் யூனிகோட் எழுத்து சரியாகக் கோர்த்து வராது. புதுப் பத்திரிகைகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் யூனிகோட் எழுத்துருக்களில் அடித்துப் பார்த்தோம். நன்றாகவே வருகிறது. ஆனால் "போன தடவை அடிச்ச மாதிரியே வேணும்" என்று வாடிக்கையாளர் கேட்டால் அக்கா பேஜ்மேக்கரைத்தான் திறக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில். மக்கர் செய்கிற கணினியில் இரண்டையுமே செருகக் கூடாது.

குழுவில் இப்போது ஒரு நடைமுறை. கோளாறு என்று யாராவது எழுதினால் முதல் பதில் யோசனையாக இருக்கக் கூடாது, கேள்வியாக இருக்க வேண்டும். திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் என்ன செய்தீர்கள்? நெட் இணைப்பில் இருந்ததா? டிஸ்க் ஏதாவது செருகியிருக்கிறதா? அதற்குப் பிறகு என்னென்ன செய்து பார்த்தீர்கள்? அழிக்கச் சொல்கிற யோசனையை நேரில் வந்து பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவன் நான். குழுவில் பதில்கள் முன்பைவிடத் தாமதமாகத்தான் வருகின்றன, தம்பிக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

ஆன்லைன் சாவியால் பூட்டப்பட்ட அண்ணனுடைய டிஸ்க்கும் பேக்கப் டிஸ்க்கும் இன்னும் ஸ்டுடியோ பீரோவில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை, தையில் பீரோவைச் சுத்தம் செய்யும்போது, "இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பார். இருக்கட்டும் அண்ணே என்பேன்.